அரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சுற்றுலா இணைப்பில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'அரிட்டாபட்டியில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, அரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம்' என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவர் போட்ட கணக்கு சரிதான். நடுவில் நின்று பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது.

அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. தாங்கள் அறியாததல்ல. சுமார் 250 வகைப் பறவைகள் அந்த அறிவிப்பில் பேசப்பட்டன. லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அவற்றில் உண்டு. நிருபர் போன அன்று அவை விடுப்பில் இருந்தனவோ என்னவோ.

அரிட்டாபட்டியின் கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழிக் (தமிழ் பிராமி) கல்வெட்டு இருக்கிறது. நெல்வெளியைச் சேர்ந்த ஒருவன் இந்த முழையை, அதாவது குகையை, கொடுப்பித்தான் என்கிறது அது. பக்கத்தில் உள்ள சமணத் திருமேனியின் கீழே பழைய வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது என்று சொல்லிவிட்டு, 'பாதிரிக்குடியார் ரக்ஷை' என்று முடிகிறது. சிலையைக் காப்பது பாதிரிக்குடி ஊராரின் பொறுப்பு என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். அரசாணை வருகிறவரை யாரும் காத்திருக்கவில்லை.

இந்தப் பக்கத்துக் குகைத்தளங்களில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளுக்கு மேலே பாறையின் நெற்றியில் ஒரு காடி, நீளப் பள்ளம், வெட்டியிருப்பார்கள். அடைமழை நாளில் உள்ளே ஒதுங்கி உட்கார்ந்தால் அதன் அருமை தெரியும். மலை உச்சியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே வராது. விளிம்போடு அறுந்து வெளியே கொட்டும். உள்ளே படுக்கை காய்ந்து கிடக்கும். நான் ஆடு மேய்த்த காலத்தில் அங்கே ஒதுங்கியவன். எழுத்து என்ன சொல்கிறது என்று அப்போது தெரியாது, நனையாமல் இருந்தது மட்டும் தெரியும்.

அப்படிக் கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றாவது நிருபர் கேட்டிருக்கலாம். மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் உறிஞ்சாது. முதலில் சுனை நிறையும், பிறகு ஓடை, பிறகு கண்மாய். ஆனைகொண்டான் கண்மாய் நிறைவது இப்படித்தான். பார்க்க ஒன்றுமில்லாத அந்தப் பாறையை நம்பித்தான் கீழே நாற்றுப் பாவுகிறோம்.

பார்க்க ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் தங்கள் நிருபர் அல்ல. கிரானைட் வெட்ட வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்: வெறும் பாறைதானே, சும்மாதானே கிடக்கிறது. பிறகு மேலூர் வட்டாரத்தில் கிரானைட் முறைகேடு எப்படி நடந்தது, 2014இல் உயர் நீதிமன்றம் எதற்காக ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயம் அவர்களை நியமித்து விசாரிக்கச் சொன்னது என்பதெல்லாம் தங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும். குழிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றையும் இணைப்பில் சேர்த்திருக்கலாம். எட்டிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.

2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைக்கு நடந்தே போன அன்று தங்கள் இதழில் எங்களுக்குக் கிடைத்தது உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி. எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது, தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மலை ஒன்றுதான். கல்வெட்டு தொல்லியல் துறைக்கு, மரம் வனத்துறைக்கு, கல் கனிமத் துறைக்கு, கண்மாய் நீர்வளத் துறைக்கு, புறம்போக்கு வருவாய்க்கு. எங்கே மனுவை நீட்டினாலும் 'இது எங்களது இல்லையே' என்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் குடமுழுக்குக்கு முன்பு கம்ப்ரஸர் வைத்து மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். கூடாது என்று உத்தரவே இருக்கிறதே என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். 'பளிச்சென்று ஆகிவிட்டது, உங்களுக்கு ஏன் வருத்தம்?' என்றார் அங்கிருந்தவர். ஆமாம், பளிச்சென்றுதான் ஆகிவிட்டது. கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயர் கல்வெட்டாக இருந்த இடத்தில் இப்போது விரலை வைத்துத் தடவினால் மணல்தாள் மாதிரி நெருடுகிறது. அதன்மேலேயே எனாமல் பெயிண்டில் திருப்பணி உபயதாரர் பட்டியல் எழுதியாகிவிட்டது. இதைப் பற்றி அப்போதே தங்களுக்குக் கடிதம் எழுதினேன். கோடை வெயிலைப் பற்றி அதில் நான் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பிரசுரித்திருந்தீர்கள்.

கடைசியாக, கட்டுரையோடு போட்டிருந்த அந்தக் கல்வெட்டுப் படம். எழுத்துகள் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. பாறையில் அவை அப்படித் தெரியாது ஐயா. சாக்பீஸால் தேய்த்திருக்கிறார்கள். தங்கள் ஆட்கள் தேய்த்தார்களா, முன்னால் வந்தவர்கள் தேய்த்துவிட்டுப் போனார்களா, நான் கேட்கவில்லை. படத்தைப் பார்த்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கையில் சாக்பீஸோடு வரும், அதுதான் என் பயம். ஒவ்வொருவரும் தேய்க்கத் தேய்க்க எழுத்தின் பள்ளத்தில் பொடி அடைகிறது, விளிம்பு மழுங்குகிறது. சிலர் தமக்குத் தோன்றிய கோட்டையும் சேர்த்து இழுத்துவிடுகிறார்கள். அடுத்து வருகிறவர் அதையும் எழுத்து என்றே படிக்கிறார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது போய் நின்றால் போதும், எழுத்து தானாகத் தெரியும். இருட்டிவிட்டால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பிடித்தாலும் தெரியும். படிக்கவேண்டியவர்கள் காகிதம் ஒற்றி முறையாக மைப்படி எடுத்துக்கொள்வார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் மூன்று வரி: கல்வெட்டின் மேல் எதையும் தேய்க்காதீர்கள், படுக்கைகளில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள், சுனையில் பிளாஸ்டிக் பாட்டிலைப் போடாதீர்கள். மறுபடி கட்டுரை போடுவதாக இருந்தால் நிருபரை மழைக்காலத்தில் அனுப்புங்கள். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள், நானும் கூட வருகிறேன். இந்த முறையாவது கடிதத்தில் வெயிலைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
மேலூர் வட்டம்.