விடுதி வேண்டாம், வீடு போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பரிமாற்றம் என்ற பெயரில் தனியார் பள்ளிகள் நடத்துவதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சுற்றுலாதான் என்று சென்ற இதழில் ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அப்படி ஒரு பயணம் போய்வந்தவள் நான். அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

கோத்தகிரிக்குப் பக்கத்தில், படகர்கள் ஹட்டி என்று சொல்லும் சிற்றூர் ஒன்று என் ஊர். வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. பச்சை இலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் மாதம் ஓடும். என் பயணத்துக்கு அப்பா நகைக்கடன் வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், "வசதியான" என்ற சொல் கொஞ்சம் உறுத்தியதால்.

சென்ற மே மாதம் எங்கள் பள்ளியிலிருந்து சிலர் ஜப்பானில் ஷிஸுவோக்கா மாகாணத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனோம். வழியில் டோக்கியோ. அங்கே இருந்தவரை ஈரோட்டு வாசகர் சொன்னபடியேதான். கோபுரம், கோயில், கடைவீதி, செல்ஃபி. யூடியூபில் இதைவிட நிதானமாகப் பார்க்கலாம்.

ஷிஸுவோக்காவில் விடுதி கிடையாது. ஆளுக்கு ஒரு வீடு. எனக்கு வாய்த்தது தேயிலைக் குடும்பம். அப்பா தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர், தாத்தாதான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். முதல் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. செடி வரிசைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, வளைந்த வெட்டுக்கருவியைச் செடியின் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறார்கள். கொழுந்து காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பின்னால் இழுபடும் நீளப் பையில் விழுகிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் நாளெல்லாம் குனிந்து பறிக்கும் இலையை அவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இலையை உடனே ஆவியில் வேகவைத்துவிடுவதால் அது கருப்பதில்லை, பச்சையாகவே நிற்கிறது. குடித்துப் பார்த்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் அதைக் குடிக்க நான் பழகவில்லை, இன்றுவரை.

தோட்டம் முழுக்க மின்கம்பம்போல் கம்பங்கள் நட்டு, உச்சியில் மின்விசிறி மாட்டியிருந்தார்கள். திறந்தவெளியில் விசிறி எதற்கு? கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டேன். பனி இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். சில மீட்டர் உயரத்தில் இருப்பது அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பானது. விசிறி அதைக் கீழே தள்ளிக் கொழுந்து கருகாமல் காக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழுந்து செடி கருகும்போது, நாங்கள் பெரணி வெட்டிவந்து பரப்பி மூடுவோம். அதைத் தாத்தாவிடம் சொன்னதும் அவர் என்னைக் காரில் ஏற்றிப் பக்கத்து மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே புல்வெளி. தேயிலைக்காகவே விட்டுவைத்த புல்வெளி! ஆண்டுக்கொரு முறை அறுத்துக் காயவைத்துச் செடிகளுக்கு நடுவே போடுகிறார்கள். மண் ஈரம் காக்கும், களை அடங்கும். இந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்திருக்கிறது. எங்கள் மலையில் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். இப்போது அதே சீகையை வெட்டி எடுக்க வனத்துறை பாடுபடுகிறது. அந்தச் சரிவில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

இது எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் கூட்டிப்போகும் இடமல்ல. அந்த வீட்டில் இருந்ததால் பார்த்தேன்.

பள்ளியிலும் அப்படித்தான். மாணவர்களே வகுப்பறையைத் துடைப்பதை ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது நிலநடுக்க ஒத்திகை. மணி அடித்ததும் மொத்த வகுப்பும் மேசைக்கு அடியில். பிறகு பேச்சில்லாமல் மைதானத்துக்கு வரிசை. பெரிய நிலநடுக்கம் வரக்கூடிய பகுதி அது. 1978-இலேயே இதற்கென்று தனிச்சட்டம் போட்ட நாடு. நீலகிரியில் 2009 நவம்பரில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் சாலையில் எங்கேனும் மண் விழுகிறது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை, மண் சரிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

இனி அவர்கள் இங்கே வந்த கதை. ஈரோட்டு வாசகரின் பக்கம் நான் சாய்வது இந்த இடத்தில்தான்.

டிசம்பர் கடைசியில் வந்தார்கள். எங்களுக்கு அரையாண்டு விடுமுறை, பள்ளி பூட்டிக் கிடந்தது. ஊட்டியில் விடுதி. தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட் கடை. மலை ரயிலிலும் ஏற்றினார்கள். குன்னூர் நிலையத்தில் தண்டவாளத்தின் நடுவே, ரயில் செங்குத்தில் ஏற அதன் பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல்வரிசையைப் பார்த்ததும் என்னைத் தங்கவைத்த வீட்டுப் பெண் துள்ளிவிட்டாள். அவர்கள் மாகாணத்திலும் ஓர் அணைக்கட்டை ஒட்டி இதே அப்ட் முறையில் பல்சக்கர ரயில் ஓடுகிறதாம், 1990 முதல். ஜப்பானிலேயே அந்த முறையில் ஓடுவது அது ஒன்றுதான். இந்தியாவில் பல்சக்கர ரயில் எங்களுடையது ஒன்றே. திட்டம் போட்ட எவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் குன்னூரோடு நிறுத்தாமல், பல்வரிசை ஓடும் கல்லாறு வரை இறக்கியாவது காட்டியிருப்பார்கள். ஊட்டி - குன்னூர் இடையே பல்வரிசையே இல்லையே!

அதே வாரம் எங்கள் பக்கம், படகர்கள் குலதெய்வமாகக் கும்பிடும் ஹெத்தையம்மனுக்குப் பண்டிகை. வெள்ளை உடுத்து ஊர்ஊராக ஜனம் நடந்து வந்துகொண்டிருந்தது. விருந்தினர்கள் அதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அந்தப் பெண் எங்கள் தேயிலையைப் பார்க்க ஆசைப்பட்டாள். அனுமதி வாங்கி ஒரு மாலை கூட்டிவந்தேன். இருட்டும் முன் திரும்ப வேண்டும் என்று ஆசிரியை வாசலிலேயே நின்றார். பாட்டி போட்ட டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஏன் எங்கள் வீடுகளில் தங்கவைக்கவில்லை என்று கேட்டபோது, வெளிநாட்டவர் என்றால் சட்டச் சிக்கல் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். விசாரித்தேன். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், அது விடுதியானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தை இணையவழியே நிரப்பிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகமே அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது. பள்ளியின் கணினி ஆசிரியர் பெற்றோருக்கு ஒரு மணி நேரம் உதவினால் முடியும் வேலை. மெய்யான தயக்கம் வேறு என்று நினைக்கிறேன். எங்கள் வீடுகளைக் காட்டக் கூச்சம். அவர்கள் வீட்டில் நான் பாயில்தான் படுத்தேன்.

பணக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. ஊட்டி விடுதிக் கட்டணத்தை எங்கள் பெற்றோர் தலைக்கே பங்கு போட்டார்கள். இரண்டு பக்கமும் வீட்டில் தங்கினால் அந்தச் செலவு மொத்தமும் போய்விடும். என்னுடன் தேர்வாகிப் பணமில்லாமல் நின்றுவிட்ட தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளும் வந்திருப்பாள். ஆகவே ஈரோட்டு ஐயாவிடம் என் வேண்டுகோள்: பயணத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், விடுதியை நிறுத்தச் சொல்லுங்கள். போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை நம் அரசும் வெளிநாடு கூட்டிப்போகிறது. 2014 முதல் ஜப்பான் நடத்திவரும் சகுரா அறிவியல் திட்டத்தில் செலவை அந்நாடே ஏற்கிறது. அவற்றிலும் ஓர் இரவாவது வீட்டில் தங்கவைக்கச் சொல்லுங்கள்.

ஜப்பான் பள்ளிகளுக்கு ஜூலை கடைசியில் கோடை விடுமுறை தொடங்குகிறது. அப்போது எங்களுக்கு வகுப்பு நடக்கும், இலையும் வரும். மழை பெய்யுமே என்பார்கள். அவலாஞ்சியைப்போலக் கோத்தகிரியில் கொட்டாது. கொட்டினாலும் வீட்டில் குடை இருக்கிறது, மாடி அறையும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவி,
கோத்தகிரி.
(பெயரை வெளியிட வேண்டாம்.)