நோட்டரி முத்திரை எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரில் வீடும் நிலமும் இருக்க, உரிமையாளர் வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பிவிடுங்கள்." உயிலுக்கும் இதையே சொல்கிறார்கள், பவர் பத்திரத்துக்கும் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) இதையே சொல்கிறார்கள். இரண்டுக்கும் சட்டம் கேட்பது வேறு வேறு. அது தெரியாமல் போவதால் குடும்பங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அதனால்தான் இந்தக் கடிதம்.

உயிலுக்கு நோட்டரி தேவையே இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 63-ஆவது பிரிவு கேட்பது இரண்டு சாட்சிகளை. எழுதுபவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் போட்ட கையெழுத்து" என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் சாட்சி அவர் கண்முன்னே தன் கையெழுத்தைப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. (முஸ்லிம்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அவர்களுக்குத் தனிச்சட்டம் உண்டு.)

தவறு நடப்பது இங்கேதான். மகன் வெளிநாட்டில் கையெழுத்திட்டு கூரியரில் அனுப்புகிறார். ஊரில் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காகிதத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது உயில் ஆகாது, சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திடவில்லை. வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டே போட்டால் அது முன்னிலை ஆகும் என்று நம்பி இறங்க வேண்டாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இணையவழி நோட்டரி முறை இருப்பதை வைத்து நம் ஊர் உயிலையும் அப்படி முடித்துவிடலாம் என்று நினைப்பதும் சரியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் முதல் அட்டவணையில் உயிலை விலக்கியே வைத்திருக்கிறது. மின்னணுக் கையெழுத்து அங்கே செல்லாது. இருக்கும் இடத்திலேயே, உயிலில் எந்தப் பங்கும் இல்லாத இருவரை நேரில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவதே வழி. அவர்கள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, நிலையான முகவரி உள்ளவர்களாக இருப்பது நல்லது. பின்னாளில் நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க, உயிரோடும் சாட்சி சொல்லும் நிலையிலும் இருக்கிற சாட்சிகளில் ஒருவரையாவது விசாரித்தாக வேண்டும்.

உயிலைப் பதிவு செய்வது விருப்பம். ஆனால் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை, பதிவுக்குத் தாக்கல் செய்ய அவரே வர வேண்டும். வர முடியாதவருக்குப் பதிவுச் சட்டம், 1908-ன் 42-ஆவது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: உயிலை மூடி முத்திரையிட்ட உறையில், முறையாக அதிகாரம் பெற்ற முகவர் மூலம் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். உறையின் மேல் எழுதியவர் பெயர், முகவர் பெயர், உள்ளே இருப்பது என்ன ஆவணம் என்பவை இருக்க வேண்டும். அருமையான இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

வெளிநாட்டுச் சொத்துக்குத் தனி உயில் வைத்திருப்பவர்கள் ஒரு வரியில் கவனமாக இருக்க வேண்டும். "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வாசகம், இங்குள்ள சொத்துக்கு எழுதிய உயிலையும் சேர்த்தே அடித்துவிடும். ஒவ்வொரு உயிலிலும் அந்தந்த நாட்டிலுள்ள சொத்தைப் பொறுத்தவரை மட்டும் என்று எல்லை கட்டி எழுதுங்கள்.

இனி பவர் பத்திரம். நோட்டரி முத்திரைக்கு மதிப்பு இருப்பது இங்கே, அதுவும் வெளிநாட்டில் இருப்பவருக்கு. பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் எழுதிக் கொடுக்கலாம். இந்தியாவுக்குள் வசிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தான் வசிக்கும் பகுதியின் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்தான் எழுதிக் கொடுத்துச் சான்றொப்பம் பெற வேண்டும். டெல்லியில் நோட்டரியிடம் முடித்த பவரை மதுரைக்கு எடுத்து வந்து பத்திரம் தாக்கல் செய்ய முடியாமல் திரும்புவது இதனால்தான். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அசையாச் சொத்து பற்றிய பவரைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. வெளிநாட்டில் எழுதியதற்கு மட்டும் விலக்கு. நடமாட முடியாத முதியவர் அலுவலகம் வர வேண்டியதில்லை, பதிவு அலுவலரை வீட்டுக்கு வரக் கோரலாம்.

வெளிநாட்டில் எழுதுவோர் வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகாதீர்கள். அதிகாரி முன்னிலையில், எல்லாப் பக்கங்களிலும் போட வேண்டும். அந்த நாடு அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்திலுள்ள கையெழுத்தையும் முத்திரையையும் மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் சான்று) உடன்படிக்கையில் இருந்தால் நோட்டரி சான்றுக்கு மேல் அப்போஸ்டிலும் வாங்குங்கள். இந்தியாவில் அது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூர் 2021-லும் கனடா 2024-லும் வந்து சேர்ந்தன. துபாயில் இருப்பவருக்கு இந்தியத் துணைத் தூதரகமே நேர்வழி. அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் சான்று, பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு அல்ல. நாடா கட்டியோ பின் அடித்தோ வரும் தாள்களை நகல் எடுப்பதற்காகப் பிரித்துவிடாதீர்கள். பின் துளை இரண்டு ஜோடியாகத் தெரிந்தாலே தாள் மாற்றப்பட்டதா என்ற கேள்வி எழும்.

பெயரும் ஒரு பெரிய தொல்லை. கிரயப் பத்திரத்தில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகப் பின்னே ஒட்டி வேறொரு ஆள்போல நிற்கும். பவரில் இரண்டையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சொத்து விவரத்தில் முந்தைய ஆவண எண், ஆண்டு, பழைய சர்வே எண்ணோடு இப்போதைய உட்பிரிவு எண், நான்கு எல்லை எல்லாம் வேண்டும். "விற்க அதிகாரம்" என்ற இரண்டு சொல் போதாது. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்க, தாக்கல் செய்ய, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள, கிரயத்தொகை பெற என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எழுதாத அதிகாரத்தை யாரும் ஊகித்துத் தரமாட்டார்கள்.

பத்திரம் இந்தியா வந்ததும் நாள் எண்ணத் தொடங்கிவிடும். முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, முதன்முதலில் இங்கே பெறப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தேதியிட்ட கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த நாளுக்கு அதுதான் சாட்சி.

பவர், கொடுத்தவர் இறந்த நொடியிலேயே முடிந்துவிடுகிறது. அவர் மனநிலை பிறழ்ந்தாலும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி முடிந்துவிடும். உயிலோ அவர் இறந்த பின்புதான் உயிர் பெறுகிறது. "பவர் இருக்கிறதே, உயில் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

எந்த ஆவணத்துக்கு யார் முன்னிலை வேண்டும், எத்தனை நாளுக்குள் எங்கே கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும், தமிழர் அதிகம் வாழும் நாடுகளின் இந்தியத் தூதரகங்களிலும் ஒட்டிவைக்குமாறு பதிவுத்துறையையும் வெளியுறவு அமைச்சகத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சொத்து ஆவணப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள் சிலர்