பதிவும் உளவும்: ஒரு நண்பருக்குப் பதில்

அன்புள்ள வாத்தியாருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்திக்குக் கோவையில் கல்லூரி இடம் கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, படிக்கவும் எழுதவும் மருத்துவர் அனுமதித்துவிட்டார். ஆகவே நீங்கள் கிளப்பியிருக்கும் விவகாரத்துக்கு வாய்தா கேட்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றும், உண்மை எந்த வாசல் வழியாக வந்தாலும் உண்மைதான் என்றும், இனி அந்தரங்கம் என்று பேசுவது பொய் சொல்பவர்களுக்குத் துணைபோவதே என்றும் சொல்கிறீர்கள். உங்கள் மருமகள் இதை ஏற்காமல் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடியதையும் எழுதி, நான் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்ப்பின் முடிவைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். அந்த முடிவிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைப் பொறுத்தவரை மருமகள் பக்கம்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். பஞ்சாபின் பட்டிண்டாவில் ஒருவர் 2017இல் விவாகரத்துக் கேட்டு மனு செய்தார். மனைவியுடன் தாம் பேசியவற்றைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்த அவர், அவற்றை நினைவட்டையிலும் குறுந்தகட்டிலும் எழுத்துப்படியுடன் தாக்கல் செய்ய அனுமதி கேட்டார். குடும்ப நல நீதிமன்றம் 2020இல் அனுமதித்தது. பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2021இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. கடைசியில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா ஆகியோரின் அமர்வு, குடும்ப நல நீதிமன்றம் செய்ததே சரி என்றது.

இதில் புதிய சட்டம் எதுவும் பிறக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 122ஆம் பிரிவு, மணவாழ்க்கையின்போது ஒருவர் தம் துணையிடம் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் அந்தத் துணை நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் வழக்கே அந்த இருவருக்கும் இடையில் நடக்குமானால் இந்தத் தடை பொருந்தாது என்று அதே பிரிவு சொல்லி முடிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் இது 128ஆம் பிரிவாக அப்படியே வந்திருக்கிறது. அந்தரங்கத்தைக் காப்பதற்காக அன்று, திருமண உறவின் புனிதத்தைக் காப்பதற்காகவே இந்தப் பிரிவு இயற்றப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கூறுகிறது. சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அதை மறுக்க முடியாது.

கடிதம் எழுதும் வழக்கத்தை விடாத நாம் இருவரும் ரசிக்கத்தக்க பழைய வழக்கு ஒன்றும் இந்தப் பிரிவின் கீழ் உண்டு. பம்பாயிலிருந்த கணவர், திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மாமனாரை வசைபாடியிருந்தார். கடிதங்கள் மாமனார் கைக்குப் போயின; அவர் மருமகன் மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். மனைவி வாய்திறந்து சாட்சி சொல்லத் தடை உண்டு, ஆனால் கடிதங்களை வேறு வழியில் மெய்ப்பிக்கத் தடை இல்லை என்று 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகவே, சாட்சியம் எப்படிக் கைக்கு வந்தது என்பதைவிட அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே கேட்டுவந்திருக்கிறது. 1964இல் பம்பாயின் கொரோனர் (ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) லஞ்சம் கேட்டுப் பேசியதை, ஒரு மருத்துவரின் சம்மதத்துடன் அவருடைய தொலைபேசியில் கருவியைப் பொருத்திக் காவல் துறை பதிவு செய்தது. அந்தப் பதிவு செல்லும் என்று 1972இல் முடிவாயிற்று.

இவ்வளவும் உங்களுக்குச் சாதகம். மருமகள் சொல்வதை நான் ஏற்கும் இடம் இனிதான் வருகிறது. என்னிடம் ஒருவர் சொன்னதை நான் பதிவு செய்வது ஒன்று. அவர் இன்னொருவரிடம் பேசியதை நான் திருடி எடுப்பது வேறொன்று. பட்டிண்டா வழக்கு முதல் வகை. அந்தக் கணவர் தம் காதால் கேட்டதற்கே சான்று கொண்டுவந்தார். பதிவு இல்லாவிட்டாலும் கூண்டில் ஏறி அதே வார்த்தைகளை அவர் சொல்லியிருக்க முடியும். இரண்டாம் வகைக்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்ட ஒருவர், மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபரில் அதை நிராகரித்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சாட்சியம் செல்லாது என்பது அவர் தீர்ப்பு.

எட்டு மாதங்களுக்குப் பின் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை அடித்துவிட்டது என்று பலரும், அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் உட்பட, பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் பேசினார் என்பது அவர் கணவரிடம் சொன்ன செய்தி அன்று; 122ஆம் பிரிவுக்கும் அதற்கும் ஒட்டுறவே கிடையாது. ஆனால் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுத் தராததால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் கட்சிக்காரர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இளைய வழக்கறிஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்று சொல்லிப் போனவர் அடுத்த வாரம் பென் டிரைவுடன் வருகிறார். அந்த வாரம் அவர் வீட்டில் நடந்த பேச்சு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதிவு ஓடுவது தெரிந்தவர் நிதானமாக, வாய்தவறாமல், பதிலை வரவழைக்கும்படி பேசுகிறார். தெரியாதவர் கோபத்தில் கொட்டிவிடுகிறார். எந்தச் சூழலில், எவ்விதமாகத் தூண்டி அந்தப் பதில் வாங்கப்பட்டது என்பதை அறிய வழியில்லை என்று பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னதில் உண்மை இருந்தது. பதிவைத் தள்ளுவதற்கு அது போதாமல் இருக்கலாம். பதிவை எடைபோடும்போது நீதிபதி மனத்தில் இருக்க வேண்டியது அதுதான்.

ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் நிலைக்குத் தம்பதியர் வந்துவிட்டார்கள் என்றால் அதுவே உறவு முறிந்ததன் அறிகுறி என்கிறது தீர்ப்பு. சாட்சியத்தை ஏற்பதால் உறவு முறிவதில்லை என்று தீர்ப்பு வாதிடுகிறது. நீதிமன்ற வாசலுக்கு வந்துவிட்டவர்களுக்கு அது சரி. ஆனால் தீர்ப்பைச் செய்தித்தாளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முறியாத வீடுகளில், சண்டையும் சமாதானமுமாக வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இந்த வாதம் என்ன சொல்லித்தருகிறது என்பதைத் தீர்ப்பு கருதியதாகத் தெரியவில்லை.

உங்கள் கட்சிக்கு இருக்கும் மிக வலுவான வாதத்தை நீங்கள் எழுதவே இல்லை என்பது எனக்கு வியப்பு. நான்கு சுவருக்குள் அடியும் வசவும் வாங்கும் பெண்ணுக்கு வேறு சாட்சி ஏது? மாமியாரும் நாத்தனாரும் அவளுக்காகக் கூண்டேற மாட்டார்கள். வரதட்சணைக்காக நடக்கும் மிரட்டலை அவள் தன் கைபேசியில் பதிந்து வைத்திருந்தால், அந்தரங்கத்தைக் காட்டி அதைத் தள்ளுவது அநியாயம். இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டிண்டா தீர்ப்பின் முடிவை நான் ஆதரிக்கிறேன். அதே வேளையில், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காட்டினர்தாம். பல வீடுகளில் சிம் அட்டை கணவர் பெயரில், கடவுச்சொல் கணவர் கையில். உளவு பார்க்கும் வசதி அவருக்கும், தன் பேச்சைத் தானே பதிந்துகொள்ளும் வசதிகூட இல்லாத நிலை அவளுக்கும் என்றால், எல்லாப் பதிவும் ஒன்றே என்னும் விதி யாருக்கு உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியலை இதில் இழுக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இழுக்கவில்லை, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதே 2025 ஜூலை மாதம் 2ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011இல் ஒன்றிய உள்துறை பிறப்பித்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் போதாது என்றார். ஆக, லஞ்சத்தைப் பிடிக்க விரும்பும் அரசுக்கு உள்துறைச் செயலாளரின் உத்தரவும் மறுஆய்வுக் குழுவும் வேண்டும். மனைவியின் கைபேசியில் உளவுச் செயலியை ஏற்றும் கணவருக்கு எதுவும் வேண்டாமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி அது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை, அவ்வாறு எடுத்த தகவலை வழக்கில் சான்றாவணமாகக் குறித்துக்கொள்ளக் கேட்கும்போது யாரும் நினைவூட்டுவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். அது அரசுக்கு எதிரானது மட்டுமா, தனிமனிதருக்கு எதிராகவும் கோரத்தக்கதா என்னும் கேள்வி அப்போது முடியவில்லை. வாழ்வுரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை கூறியது. அதில் மாறுபட்டுத் தனித்து எழுதியவர், பட்டிண்டா வழக்கின் அமர்விலும் இருந்த நீதிபதி நாகரத்னா. பட்டிண்டா தீர்ப்பை அந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால் அதன் போக்கு நன்றாக விளங்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது நாடாளுமன்றம். அது 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் 3ஆம் பிரிவு, தனிமனிதர் சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காகத் தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது என்கிறது. 17ஆம் பிரிவு, அரசின் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்குத் தர வழிசெய்கிறது. வீட்டுக்கும் விலக்கு, அரசுக்கும் விலக்கு. நடுவில் அகப்பட்டவை கம்பெனிகள் மட்டும். பெகாசஸ் என்னும் உளவு மென்பொருளைக் கைபேசிகளில் ஏற்றியதாக எழுந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. தன் உளவைப் பற்றிப் பேசாத அரசு, கணவரின் உளவுக்கு வரம்பு கட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கட்சிகளும் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பதிவு உண்மையானதுதானா என்னும் சிக்கல் தனி. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்னும் விதி உறுதிப்பட்ட இரண்டு வழக்குகளும் தேர்தல் வழக்குகள் என்பது ஒரு வேடிக்கை. ஒன்று கேரளத்தின் ஏறநாடு தொகுதியின் பிரசாரக் குறுந்தகடுகளைப் பற்றியது. மற்றொன்று மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில், நேரம் கடந்து வேட்புமனு தாக்கல் செய்யப்பட்டதா என்பதைக் காட்டும் காணொளியைப் பற்றியது. அந்த விதி இன்று படுக்கையறைப் பேச்சுக்கும் சேர்த்து ஆள்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தில் சான்றிதழின் முதற்பகுதியைக் கட்சிக்காரரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்ணை, குறிக்க வேண்டும். ஒருவர் குரலைச் சில நொடி மாதிரியிலிருந்து செயற்கையாக உண்டாக்க முடிகிற இந்நாளில், கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்பதைத்தான் ஹாஷ் எண் காட்டும். அதில் உள்ள குரல் மெய்யானதா என்பதைக் காட்டாது. அதற்குக் குரல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வழக்கு இழுக்கும். இழுத்தால் ஜீவனாம்சத்துக்குக் காத்திருப்பவர்தான் அவதிப்படுவார்.

கடைசியாக, உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கும் கேள்வி. பதிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்கிறார். கேள்விகளிலேயே இதுதான் பெரியது என்பேன். குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டுக்கொண்டால் மூடிய அறையில் விசாரணை நடத்தியாக வேண்டும்; அங்கே குறுக்கு விசாரணை உண்டு, முழுப் பதிவையும் கேட்கச் சொல்லும் உரிமை உண்டு. சித்தப்பாவும் அத்தையும் இருக்கும் குழுவில், நாற்பது நொடித் துண்டுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அவதூறு வழக்குப் போடலாம் என்று சொல்லலாம்தான்; சொன்னது மெய்யாக அவள் குரலே என்றால் அதில் எவ்வளவு நிற்கும் என்பது ஐயம். நீதிமன்றத்துக்கு வரும் பதிவைப் பற்றி இவ்வளவு வாதாடும் நாம், வராமல் ஊர்சுற்றும் பதிவுகளுக்கு எந்த விதியையும் யோசிக்கவில்லை. இதற்கு என்ன சட்டம் வேண்டும் என்று உங்கள் மருமகள் கருதுகிறார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அவர் மறுக்கும் இடங்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். நீங்கள் திருத்தி எழுத வேண்டாம்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
உங்கள் மதுரை நண்பன்