ஹஸ்கி வாங்குமுன் சித்திரை மதியத்தை நினையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொசுபொசுவென்ற ரோமமும் நீலக் கண்ணுமாக ஹஸ்கி நாய்க்குட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், தங்கள் வீட்டின் சித்திரை மதியத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுத்த இனம் அது. மேலே நீளமுடி, அடியில் பஞ்சுபோல் அடர்ந்த முடி என இரண்டு அடுக்கு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஏசி இருக்கிறதே என்பார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை கரண்ட் நிற்கும் நாளில், அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருப்பார்கள்? மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் எந்த நாயையும் கட்டாதீர்கள்.

கோடைக்கு மொட்டையடித்துவிடலாம் என்பது தப்பான யோசனை. வெயில் தோலில் நேராகப் படாமல் தடுப்பதே மேல்முடிதான். மழித்தால் பலசமயம் திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். வாரம் மூன்று முறை, முடி கொட்டும் காலத்தில் தினமும் அரைமணி நேரம், அடிமுடியைச் சீவி எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் தோல் தெரியும்வரை முடியைப் பிரித்துப் பாருங்கள். மிளகு பருமனில் உண்ணி ஒட்டியிருக்கும். குளிப்பாட்டியபின் அடிமுடியில் ஈரம் தங்கினால் புண் வரும்.

குணமும் தனி. தனக்குத் தோன்றினால்தான் கூப்பிட்டதும் வரும். நாலடிச் சுவரைத் தாண்டிவிடும், கேட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விடும். சுவர் ஆறடி வேண்டும், ஓரத்தில் கல்லும் பதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழி, வயலில் கிடைபோட்ட ஆடு எதையும் விடாது. ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் வாலாட்டும். காவல்தான் தேவையென்றால் குட்டைமுடியுள்ள நம் கோம்பை, ராஜபாளையம் நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் பிடிவாதம் உண்டு, ஓட இடமும் வேண்டும். ஆனால் இந்த வெயில் அவற்றுக்குப் பழக்கம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசைபோல் வடிந்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஃபேனைப் போடுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே அடைந்துகொள்ளும். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ காட்டிவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் வெளியே தெரியலாம்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை