புகை இழுக்காத விறகுக் கணப்பு: குழாயைக் கழற்றி முறையாக மாற்றித் தரக் கோருதல்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் தங்கள் பில்லில் உள்ளபடி),
உதகமண்டலம்.

பெறுநர்:
மேலாளர், சர்வீஸ் பிரிவு.

ஐயா,

தங்களிடம் வாங்கி, தங்கள் ஆட்களே பொருத்திய 6 அங்குல வாய் கொண்ட வார்ப்பிரும்பு விறகுக் கணப்பு, பற்றவைத்தால் புகையை வீட்டுக்குள் தள்ளுகிறது. கதவைத் திறந்து விறகு போடும்போதெல்லாம் கூடம் புகைமண்டலம். வந்து பார்த்த சர்வீஸ் ஆள் "விறகு ஈரம், வீட்டில் காற்றோட்டம் போதாது" என்று எழுதிவிட்டு, குழாயில் மின்விசிறி மாட்ட ஒரு கொட்டேஷனும் கொடுத்துப் போனார். அவர் சொன்ன இரண்டும் காரணமல்ல. குறை தாங்கள் போட்ட குழாயில் இருக்கிறது.

விறகை முதலில் முடித்துவிடுகிறேன். எரிப்பது பிளந்து காயவைத்த சீகை மர விறகு. அவர் ஈரமானியைக் குத்தியது பனியில் நனைந்த பட்டையின் மேல். அங்கே எந்த விறகும் ஈரம்தான் காட்டும். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் 17 சதவீதம். 20க்குள் இருந்தால் போதும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. காற்றோட்டத்தையும் பார்த்தாயிற்று. சன்னலை முழுக்கத் திறந்து, சமையலறை எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு, கணப்பின் கதவருகே ஊதுவத்தியைப் பிடித்தால் அதன் புகை அப்போதும் உள்ளே போகாமல் கூடத்துப் பக்கமே மடங்குகிறது. வீட்டில் காற்றுத் தட்டுப்பாடு என்றால் சன்னல் திறந்ததும் சரியாகியிருக்க வேண்டும்.

இப்போது குழாய்க்கு வருவோம். கணப்பின் கழுத்திலிருந்து, அதாவது குழாய் சேரும் இடத்திலிருந்து, 3 அடி மேலே போய், ஒரு 90 டிகிரி எல்போ (வளைவு மூட்டு). அங்கிருந்து நாலரை அடி படுக்கையாகச் சுவரைத் துளைத்து வெளியே. மறுபடி ஒரு 90 டிகிரி எல்போ. அப்புறம் 7 அடி மேலே. நிமிர்ந்து நிற்கும் உயரம் மொத்தமே 10 அடி. படுக்கைக் குழாய் வெளிப்பக்கம் ஏறுவாட்டமாக இல்லாமல், சற்று தாழ்ந்தே போகிறது. சூடான புகை இறங்கிப் போகாது என்பதைத் தங்கள் பிட்டருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். குழாயின் வாய் கூரை முகட்டுக்கு 4 அடி கீழே நிற்பதால், காற்று முகட்டைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் புகையை உள்ளேயே அழுத்திவிடுகிறது.

புகையை மேலே இழுப்பது இரண்டு விஷயம்: குழாயின் உயரம், உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். நிதானமாக எரியும்போது கழுத்தருகே 150 டிகிரி இருக்கும் புகை, மேல் வாயை எட்டும்போது 55 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சராசரி 100 டிகிரி, வெளியே இரவு 10 டிகிரி, உயரம் 10 அடி என்று கணக்கிட்டால் கடல்மட்டத்தில் 9 பாஸ்கல் (காற்றழுத்த அளவு) அளவுக்கு இழுப்பு வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்று கிட்டத்தட்ட கால் பங்கு மெலிசு. ஆகவே 7 பாஸ்கல்கூட முழுசாகத் தேறாது. எல்போ இரண்டும் அதிலும் பிடுங்கிக்கொள்கின்றன. கழுத்தில் மேனோமீட்டர் (அழுத்தமானி) வைத்தால் 4க்கும் 5க்கும் நடுவில் ஆடுகிறது. கையேட்டில் கேட்டிருப்பது 12 பாஸ்கல்.

சூடு இவ்வளவு இறங்கக் காரணம் தகடு. பில்லில் "எஸ்.எஸ். 304, இரட்டைச் சுவர், இன்சுலேஷனுடன்" என்று போட்டுப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். வெளியே நிற்பதோ ஒற்றைத் தகடு. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்தால் பட்டென்று பிடித்துக்கொள்கிறது. 304 என்கிற துருப்பிடிக்காத எஃகு அப்படிப் பிடிக்காது. உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறப் பூச்சு பூப்பூவாகத் தெரிகிறது, சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு). கணப்பின் கழுத்துச் சூட்டுக்கு ஜி.ஐ. போடவே கூடாது, துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை உடம்புக்கு ஆகாது. குளிர்ந்த தகட்டில் புகை படிந்து தாராகி, சுவர் ஓரத்து எல்போவில் கசிந்து, வெள்ளைச் சுவரில் பழுப்பாக வழிந்திருக்கிறது. குழாய்களின் ஆண் முனையை (அடுத்த குழாய்க்குள் நுழையும் முனையை) மேல்நோக்கி மாட்டியதால்தான் இது வெளியே வருகிறது. கீழ்நோக்கி மாட்டியிருந்தால் தார் உள்ளுக்குள்ளேயே இறங்கிக் கணப்பில் எரிந்துபோயிருக்கும். குழாயின் மேல் வாய்த் தொப்பியில் கட்டிய பொடிக்கண் வலையும் தாரில் அடைத்துக்கொள்கிறது.

இதில் சுவர் கறையைவிடப் பெரிய ஆபத்து விடியற்காலையில். சுவாலை அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். குழாய் குளிர்ந்து இழுப்பு சாவதும் அதே நேரம். வாசனையும் இல்லாத அந்த வாயு திரும்பிக் கூடத்துக்குள் வந்தால், தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. இதற்கு மின்விசிறி மருந்தல்ல. மழையும் காற்றும் அடித்து மின்சாரம் போகிற இரவில்தான் கணப்பு தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் விசிறியும் நின்றுவிடும்.

ஆகவே, தங்கள் செலவில் செய்து தர வேண்டியது இது. சுவர் வழிப் பாதையை அடைத்துவிட்டு, குழாயைக் கணப்பிலிருந்து நேர் மேலே கூரை வழியாகக் கொண்டுபோக வேண்டும். உத்தரம் குறுக்கிட்டால் இரண்டு 45 டிகிரி பெண்டு போடலாம், 90 வேண்டாம். அறைக்குள் 2 மி.மீ. கறுப்பு ஸ்டீல் குழாய். மச்சிலிருந்து மேலே பில்லில் எழுதிய அதே இரட்டைச் சுவர், நடுவில் 25 மி.மீ. இன்சுலேஷன். மரச்சட்டங்களுக்கும் அதற்கும் 2 அங்குலமாவது இடைவெளி விட்டு, மச்சில் நெருப்புத் தடுப்புத் தகடு வையுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று ஸ்குரூ, ஆண் முனை கீழே. கூரை ஓட்டைக்குச் சூடு தாங்கும் பிளாஷிங் (மழைநீர் இறங்காமல் சுற்றிப் பொருத்தும் தகடு). தாரும் சிமெண்டும் பூசிவிட்டுப் போனால் முதல் மழைக்கே ஒழுகும். மேல் வாய், கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்தும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்தும் நிற்க வேண்டும். இந்த வீட்டுக்கு மொத்தம் 18 அடி வரும். புகை சராசரி 180 டிகிரியில் நின்றால் இந்த உயரத்துக்கு ஊட்டிக் காற்றிலும் 19 பாஸ்கல் கிடைக்கும். அதிகமானால் டாம்பரில் (குழாய்க்குள் திருப்பும் தடுப்புத் தகட்டில்) குறைத்துக்கொள்ளலாம். தொப்பி மழைத் தொப்பியாக இருக்கட்டும். வலை வேண்டுமென்றால் அரை அங்குலக் கண்.

வேலை முடிந்ததும் கணப்பை ஒரு மணி நேரம் எரித்து, கழுத்தில் மேனோமீட்டர் 12க்குக் குறையாமல் காட்டுவதை இருவரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் மாட்டித் தர வேண்டும். கறை பட்ட சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவும், இரட்டைச் சுவர்க் குழாய் என்று வாங்கிய கூடுதல் தொகையும் தங்கள் பொறுப்பு.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ஆட்களும் வராமல், முழுத் தொகையும் திரும்பி வராமல் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் சேவைக் குறைபாடு, பில்லுக்கு மாறான பொருள் கொடுத்தது ஆகிய இரண்டையும் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்யப்படும். பில் நகல், சர்வீஸ் ஆள் எழுதிய சீட்டு, மேனோமீட்டர் அளவு, காந்தம் ஒட்டிய குழாய், தார் வழிந்த சுவர் ஆகியவற்றின் படங்கள் இத்துடன் உள்ளன. ஆள் அனுப்புமுன் கூரையின் அளவை எடுத்துக்கொண்டு, குழாயையும் ஏணியையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரை கணப்பு பற்றவைக்கப்படாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்