பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும்

சிந்தாதிரிப்பேட்டை
ஞாயிறு ராத்திரி

கண்ணா,

நீ அனுப்பின ரெண்டு போட்டோவும் வந்தது. மூணு மாசம் கழிச்சு வந்த சேதி டியூப் மானிட்டரைப் பத்தினதுன்னாலும் சந்தோஷம்தான். நடுவுல வெள்ளையா ஒரே ஒரு படுக்கைக் கோடு, மத்ததெல்லாம் இருட்டு. "வெர்டிகல்தானேம்மா"ன்னு கேட்டிருந்தே. அதேதான், படத்தை மேலேயும் கீழேயும் விரிக்கிற பகுதிதான் போயிருக்கு, சரியாப் பிடிச்சுட்டே. கோடு தெரியுதுன்னா பவர் சப்ளை, ஹரிசாண்டல் டிரான்சிஸ்டர், டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர், டியூப் எல்லாம் உயிரோட இருக்கு. ஆனா அப்படியே ஓடவிட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காதே. திரை பூரா பரவ வேண்டிய வெளிச்சம் ஒரே கோட்டுல விழுது. திரைக்கு உள்பக்கம் ஒளிர்ற பாஸ்பர் பூச்சு கருகிடுச்சுன்னா அந்தத் தழும்பு போகவே போகாது.

திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. தனியா திறக்காதே. திவ்யா வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்துத் திற. அவ ஒண்ணும் செய்ய வேண்டாம், மெயின் சுவிட்ச் எங்கேன்னு தெரிஞ்சு பக்கத்துல நின்னா போதும்.

பிளக்கை சுவர்லேர்ந்தே கழற்று, விஜிஏ கேபிளையும் எடுத்துடு. போர்வையை நாலா மடிச்சுப் போட்டு, கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வை. ஸ்டாண்டை எடுத்துட்டு ஸ்க்ரூவையெல்லாம் கழற்றினதும் மூடியை நேரா மேலே தூக்கணும், சாய்ச்சு இழுக்காதே. டியூபோட கழுத்து நுனி மெல்லிசு. அங்கே ஒரு இடி இடிச்சா காத்து உள்ளே போய் டியூப் செத்துடும்.

இப்போ முக்கியமானது. டியூபுக்கு உள்ளேயும் வெளியேயும் கறுப்புப் பூச்சு, நடுவுல கண்ணாடி. அதுவே சார்ஜைப் பிடிச்சு வெச்சுக்கிற ஒரு பெரிய கெப்பாசிட்டர். 17 இன்ச் கலர் மானிட்டர்ல 25,000 வோல்ட் வரைக்கும் ஏறும், அணைச்ச பிறகும் நிக்கும். ஒரு வயரோட ஒரு முனையை டியூப் முதுகுல ஓடுற பின்னல் கம்பியில முதலைக் கிளிப் போட்டு மாட்டு. மறுமுனையை நீளமான, நல்ல பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவர் தண்டுல மாட்டு. இந்த ரெண்டும் மாட்டின பிறகுதான், டியூப்ல தடி வயர் வந்து சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் தொப்பிக்கு அடியில ஸ்க்ரூ டிரைவரை நுழைச்சு உள்ளே இருக்கிற கொக்கியைத் தொடணும். டப்புன்னு சத்தம் வரும், சில சமயம் வராது. சத்தம் வரலேன்னா சார்ஜ் இல்லைன்னு நினைக்காதே. பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் பண்ணு, கண்ணாடிக்குள்ள ஊறியிருக்கிறது திரும்ப மேலே வரும். போர்டு கிரவுண்டுல கிளிப் போடாதே, பவர் சப்ளை பக்கத்து கிரவுண்டு மெயின்ஸோட சேர்ந்தது. இத்தனையும் வலது கையால மட்டும், இடது கை முதுகுக்குப் பின்னாடி. ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கினா நெஞ்சு வழியாப் போகும்.

பவர் சப்ளையில தடியா நிக்குதே ஒரு கெப்பாசிட்டர், அதுல 325 வோல்ட் டிசி. ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதே, ஹோல்டர்ல மாட்டின 100 வாட் குண்டு பல்பு வயரை ரெண்டு காலுக்கும் வெச்சு இறக்கு. மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம் கை வை.

போட்டோல பின்னாடி இருந்த துணி அலமாரி ஒரு பக்கம் காலியா இருந்தது. வீடு மாத்துறீங்களோன்னு நினைச்சேன். சரி, அதை விடு.

வெர்டிகல் ஐசி எதுன்னா, யோக், அதான் டியூப் கழுத்தைச் சுத்தி இருக்கிற செப்புச் சுருள், அதோட வயர் போர்டுல வந்து சேர்ற இடத்துக்குக் கிட்ட, ஹீட் சிங்க்குல ஸ்க்ரூ போட்டு நிக்கும். முதல்ல போர்டுக்கு அடியில ஐசியோட கால்களை லென்ஸ் வெச்சுப் பாரு. ஈயத்துல காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு வட்டம் தெரிஞ்சா டிரை சோல்டர். சூட்டுல விரிஞ்சு சுருங்கி விட்டுப்போறது. பழைய ஈயத்தை சக்கர்ல உறிஞ்சு எடுத்துட்டுப் புது ஈயம் வை. மேலேயே பூசினா திரும்ப விடும். யோக் கனெக்டர் காலையும் அப்படியே பண்ணு. கனெக்டரைக் கழற்றி வெர்டிகல் சுருளை மீட்டர்ல பாரு. சில ஓம் காட்டணும், ஒண்ணுமே காட்டலேன்னா சுருள் அறுந்திருக்கு. கனெக்டர் கழண்டிருக்கும்போது சுவிட்ச் போட்டுடாதே.

இதெல்லாம் சரியா இருந்தா ஐசிதான். அதுக்கு சப்ளை போற வழியில கரண்ட் அதிகமானா ஃபியூஸ் மாதிரி அறுந்துபோற சின்ன ஃபியூசிபிள் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும். அது போயிருந்தா பெரும்பாலும் ஐசி ஷார்ட். ரெசிஸ்டரை மட்டும் மாத்தினா புதுசும் போகும், சாதா ரெசிஸ்டரும் போடக் கூடாது. ஹீட் சிங்க்கை ஒட்டி நிக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் சேர்த்து மாத்து, 105 டிகிரி சூடு தாங்குறதா. அது காய்ஞ்சிருந்தா படத்தோட மேல் ஓரம் மடிஞ்சு வரும், ஐசியையும் கெடுக்கும். பழைய ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல மைக்கா தகடு இருந்திருந்தா புதுசுக்கும் வை. கழுத்துல பெயிண்ட் வெச்ச வளையங்களைத் தொடவே தொடாதே. ஐசி நம்பரை அனுப்பு, ரிச்சி தெருவுல நானே வாங்குறேன். புதுசுன்னு சொல்லி விக்கிறதைவிட, பழைய போர்டுல கழற்றின ஒரிஜினல் நிக்கும்.

திரும்பவும் சொல்றேன், தனியா திறக்காதே. அவளைக் கூப்பிட்டு நிக்கச் சொல்லு.

நீ பத்தாவது படிக்கும்போது என் டேபிள்ல இருந்த டிவி செட்டுக்குள்ள கை விட்டதுக்கு உன் கையில ஸ்கேலால அடிச்சேன். ஏன்னு சொல்லலை. 25,000 வோல்ட்டுன்னு சொல்லியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு பயம், பயத்துல அடிச்சேன். அதுக்கப்புறம் நீ அந்த டேபிள்கிட்ட வரலை. எதைப் பண்ணினாலும் முடிச்சுட்டுதான் சொன்னே, வேலை மாத்தினதையும், கல்யாணத்தையும். அந்தப் பழக்கம் நான் கொடுத்தது. நீ இப்போ எதைச் சொன்னாலும் கத்த மாட்டேன் கண்ணா.

அப்பாவுக்கு பிரஷர் பரவாயில்லை.

திவ்யா இப்போ ஊர்ல இல்லேன்னா சொல்லு. சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா மத்தியானம் வந்துடுவேன். சக்கரும் மீட்டரும் நானே எடுத்துட்டு வர்றேன், நீ ஈயம் வை, நான் பக்கத்துல நிக்கிறேன். அதுவரைக்கும் பிளக்கைச் சொருகாதே.

அம்மா