பரம்பில் உள்ள முதுமக்கள் தாழிக்காட்டைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் பட்டாதாரர்கள்
(முகவரியும் கையொப்பங்களும் இணைப்பில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர்ப் பரம்பில் சரள் மண் எடுப்பதைத் தடுத்து, அங்குள்ள தாழிக்காட்டைத் தொல்லியல் இடமாக அறிவித்துப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் குளத்துக்கு மேற்கே உயர்ந்து கிடக்கும் சரள் மேட்டைப் பரம்பு என்று வழங்குகிறோம். வருவாய்ப் பதிவேட்டில் அதன் பெரும்பகுதி கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது கல்லும் சரளுமான அரசு நிலம், என்று மட்டுமே இருக்கிறது. அங்கே, இறந்தோரைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்த ஒரு பழங்கால ஈமக்காடு இருப்பதாக எந்தக் குறிப்பும் இல்லை. ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் அந்த மேட்டில் நடப்பவர் எவருக்கும் தாழிகளின் வாய்விளிம்புகள் தரையோடு தரையாக வட்டம் வட்டமாகத் தெரியும். சில இடங்களில் ஒரு தாழிக்கும் அடுத்த தாழிக்கும் இடையே இரண்டு முழம்கூட இராது. எங்கள் முன்னோர் அதில் ஏர் பூட்டாமல், ஆடு மேய்ப்பதோடு விட்டு வைத்ததால்தான் அது இதுவரை தப்பியிருக்கிறது.

இப்போது அந்த நிலை மாறிவிட்டது. குளத்தில் வண்டல் எடுக்க என்று பெற்ற நடைச்சீட்டை (மண்ணை வண்டியில் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டை) வைத்துக்கொண்டு, குளத்தை விட்டுப் பரம்பின் கிழக்குச் சரிவில் பொக்லைன் வைத்துச் சரள் அள்ளுகிறார்கள். வெட்டிய சுவரில் தாழிகள் பாதியாக அறுபட்டு நிற்கின்றன. ஒரு தாழியின் தோள்பகுதியில், ஈர மண்ணைக் குயவர் விரலால் அழுத்தி அழுத்திச் செய்த கயிற்று வேலைப்பாடு இன்றும் கலையாமல் இருக்கிறது. அதன் உள்ளே, இறுகிய மண்ணோடு சிறு கிண்ணங்களும் எலும்புத் துண்டுகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த எலும்பு தொட்டாலே உதிர்கிறது. வெட்டுச் சுவர் செங்குத்தாக நிற்பதால், அடுத்த மழையில் ஓடைபோல் நீர் அரித்து, இன்னும் தொடப்படாத தாழிகளும் சரிந்து விழும் என்பதே எங்கள் பெரும் கவலை.

இத்தகைய இடத்தின் அருமையை நமது மாவட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. அதன்பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களையும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல், கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரியவந்ததை, 2021-இல் தமிழ்நாடு அரசே சட்டமன்றத்தில் அறிவித்தது. அந்த நெல்லுக்குக் காலம் கணிக்க முடிந்தது, அது தாழிக்குள் இருந்த நிலையிலேயே, முறையறிந்தவர் கையால் எடுக்கப்பட்டதால்தான். லாரியில் ஏறிய மண்ணில் இருக்கும் நெல்லுக்கும் எலும்புக்கும் அந்தப் பயன் இல்லை. ஆகவே, கிடைத்த பானைகளை எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தாழியும் அதைச் சுற்றிய மண்ணும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்கும் சேர்ந்ததுதான் சான்று. அது இருக்கும் இடத்திலேயே காக்கப்பட வேண்டும்.

எனவே, தாங்கள் முதலில் பரம்பிலும் அதை ஒட்டிய புலங்களிலும் மண் எடுப்பதை உடனே நிறுத்த ஆணையிடவும், வட்டாட்சியர், கனிமவளத் துறையினர், மாநிலத் தொல்லியல் துறையினர் ஆகியோர் கூட்டாகப் புலத்தணிக்கை செய்து தாழிகள் உள்ள பரப்பை அளந்து எல்லைக்கல் நடவும் வேண்டுகிறோம். அந்த அளவின் அடிப்படையில், தொல்லியல் இடங்களுக்கான 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின்கீழ் இந்நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அறிவிப்பு வரக் காலம் ஆகலாம் என்பதை அறிவோம். அதுவரை கிராமக் கணக்கில் இது தொல்லியல் நிலம் என்று ஒரு குறிப்பு ஏறினாலே, இன்னொரு நடைச்சீட்டு தவறாகப் பயன்படுவதைத் தடுக்க முடியும். அறுபட்ட சரிவை, தொல்லியல் அலுவலரின் மேற்பார்வையில், அதே மண்ணைக் கொண்டு அணைத்துச் சாய்வாக்கும் பணி மட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்தாக வேண்டும்.

நல்லெண்ணத்தால் வரும் சேதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தை இயந்திரம் கொண்டு வேரோடு பிடுங்கினால் தாழிகளும் உடன் பெயர்ந்து வரும். ஆகவே பரம்பில் அதைத் தூரோடு அறுத்து விட்டாலே போதும். மரக்கன்று நடுவதற்கோ வேலிக்கு ஆழமான அடித்தளம் போடுவதற்கோ அங்கே குழி தோண்டக் கூடாது.

பரம்பை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்போரும் இம்மனுவில் கையொப்பம் இட்டுள்ளனர். தாழி கிடைத்ததாகச் சொன்னால் நிலம் பறிபோகும் என்ற அச்சத்தில், பனங்காட்டில் கிடைத்ததை அப்படியே மூடிவிட்டோரும், உடைத்துப் போட்டோரும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிவிப்பவரின் சாகுபடி உரிமைக்கு என்ன ஆகும் என்பதைத் தங்கள் அலுவலகமே கிராமசபையில் தெளிவாக விளக்கினால், மறைப்பதற்குக் காரணம் இராது. பரம்பைக் காவல் காக்கவும் ஊரே முன்வரும்.

புல எண்களும், வரைபடமும், அறுபட்ட தாழிகளின் புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் நேரில் வந்து பார்வையிடும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், இடத்தைக் காட்ட ஊர்ப் பெரியவர்களும் ஆடு மேய்ப்போரும் உடன் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் பட்டாதாரர்கள்